கண்ணுச்சாமி வீட்டு ஜப்பான் பெட்டிகள்

கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குப் போகிற சாலையில், மலை முழுசாகக் கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால், மாடி வைத்த ஒரு வீடு இருக்கிறது. கப்பலில் ஃபிட்டராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண்ணுச்சாமியின் வீடு அது. மாடியில் வடக்கு பார்த்த அறையில் கண்ணாடி அலமாரிகள். அவற்றில் நாற்பத்து மூன்று ஜப்பான் சாமான்கள். கறுப்பும் சிவப்புமாகப் பெட்டிகள், கிண்ணங்கள், தட்டுகள், ஒரு சீப்பு. எல்லாம் மரத்தில் செய்து மெருகு பூசியவை. நூறு வருடத்துக்குக் குறைந்தது எதுவும் இல்லை என்பார்.

"அரக்குப் பெட்டியாண்ணே?" என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

"அரக்கு பூச்சி விடுறது. இது மரத்துப் பாலு. நம்ம ஊர்ல ரப்பர் மரத்தக் கீறி எடுப்பாங்கல்ல, அந்த மாதிரி கீறி எடுக்கிறது. அதைப் பூசிக் காயவச்சு, தேச்சு, மறுபடி பூசி, இப்படி முப்பது கை பூசுவாங்க. கடைசிப் பூச்சு ஈரமா இருக்கையிலேயே தங்கப் பொடியத் தூவிப் படம் போடுவாங்க."

பேரையூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர். காணி நிலம் கிடையாது. அப்பா அடுத்தவர் களத்தில் தானியம் தூற்றினார். அம்மா ராக்கம்மாள் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார். கண்ணுச்சாமி ஐடிஐ படித்து, மும்பையில் ஒரு பட்டறையில் கிடந்து, அங்கிருந்து சரக்குக் கப்பலுக்குப் போனார்.

ஜப்பானில் கோபே துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவர் கப்பல் மராமத்துக்காக இருபது நாள் நின்றபோதுதான் இது தொடங்கியது. ஒரு விடுமுறை நாளில் கியோட்டோவுக்குப் போனார். அங்கே ஒரு கோயில் வளாகத்தில் பழஞ்சாமான் சந்தை. தரையில் துணி விரித்து வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியைச் சும்மா எடுத்தார். மூடியைக் கழற்றினார், திரும்ப வைத்தார். மூடி பொத்தென்று விழவில்லை. உள்ளே இருந்த காற்று நான்கு பக்கமும் கசியக் கசிய, மூடி தானாக, மெல்ல இறங்கி உட்கார்ந்தது.

பிஸ்டனைச் சிலிண்டரில் பொருத்தித் தேய்ந்த கை அவருடையது. ஒரு தலைமுடி அளவு பிசகினால்கூட அந்த மூடி அப்படி இறங்காது என்று அவருக்குத் தெரியும். திரும்பத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தார். கடைக்காரர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசிலேயே அந்தப் பெட்டி கிடைத்தது. அங்கே இப்போது அவற்றை யாரும் புழங்குவதில்லை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு கப்பல் ஜப்பான் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு வாங்குவார். லுங்கியில் சுற்றி, வேலைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். கப்பல் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த ஜப்பான்காரர் ஒருவர், தெரிந்த இங்கிலீஷில் இரண்டே விஷயம் சொன்னார். வெயில் படக்கூடாது. காற்று காயக்கூடாது. அந்தப் பால் ஈரக்காற்றில்தான் கெட்டியாகும், ஈரக்காற்றில்தான் பிழைத்தும் கிடக்கும். மதுரைக் காற்று அதற்கு ஆகாது என்று கண்ணுச்சாமிக்கு உடனே புரிந்துவிட்டது. வீடு கட்டும்போது வடக்கு பார்த்த அறையாகப் பார்த்துக் கட்டினார். ஜன்னலுக்குத் தடித்த திரை. அலமாரியில் ஒவ்வொரு தட்டிலும் ஓர் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலை அந்த டம்ளர்களை நிரப்புவது.

ஒரு நாளிதழின் மதுரை இணைப்பில் அரைப்பக்கத்துக்கு அவரைப் பற்றி எழுதினார்கள். போட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று போனால், "ஜப்பான்காரர் வந்துட்டாரு, வாங்க" என்று நாற்காலி போட்டார்கள். அவர் அப்பாவுக்கு அந்த ஊரில் யாரும் நாற்காலி போட்டதில்லை. மதுரை ஜில்லாவிலேயே தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்ற நினைப்பு அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அது போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

போட்டோ வந்த மூன்றாம் மாதம் வெள்ளைத்துரை வந்தார்.

கண்ணுச்சாமியின் பெற்றோர் வேலை பார்த்த காடும் களமும் வெள்ளைத்துரையின் அப்பாவுடையவை. இரண்டு பேரும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. வெள்ளைத்துரை சைக்கிளில் வருவார், கண்ணுச்சாமி நடந்து போவார். பின்னால் மணி அடித்தால் வண்டிப்பாதையை விட்டு முள்ளுக்குள் ஒதுங்க வேண்டும். அந்த சைக்கிளை நினைத்துக் கண்ணுச்சாமி எத்தனையோ நாள் வயிறு எரிந்திருக்கிறார். இப்போது வெள்ளைத்துரைக்கு மதுரையில் கம்பி, சிமெண்ட் வியாபாரம். கே.கே. நகரில் வீடு.

மாடியறையை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார் வெள்ளைத்துரை.

"ஏப்பா கண்ணு, அம்புட்டையும் நீயா சேத்த?"

"ஆமா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "நானும் ஒண்ணு எடுத்திருக்கேன். வெளிநாட்டுல ஏலம் விட்டாங்க, நெட்லயே கேட்டு எடுத்தேன். அடுத்த மாசம் வந்துரும்."

மையும் தூரிகையும் வைக்கிற எழுத்துப் பெட்டி. கறுப்பு மூடி முழுக்கத் தங்கத்தில் நாணல்கள் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு பெரிய நிலா. அப்படி ஒன்றைக் கண்ணுச்சாமி ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார், கியோட்டோவில் ஒரு மியூசியத்தில், கயிறு கட்டிய தூரத்தில் நின்று. தன் வாழ்நாளில் அப்படி ஒன்று தன் கைக்கு வராது என்று அன்றைக்கே மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"நல்லாருக்கு," என்றார்.

வெள்ளைத்துரை அலமாரிப் பக்கம் குனிந்தார். "இது எதுக்குப்பா, தட்டுக்குத் தட்டு டம்ளர்ல தண்ணி?"

"எறும்புக்கு," என்றார் கண்ணுச்சாமி.

அந்தப் பதில் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். யோசித்துச் சொன்ன பொய் இல்லையாம். கேள்வி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது. வெள்ளைத்துரை தலையாட்டினார். எறும்பு வராமல் தண்ணீர் வைப்பது எல்லா வீட்டிலும் இருப்பதுதானே.

பெட்டி வந்ததும் வெள்ளைத்துரை கூப்பிட்டுவிட்டார். கண்ணுச்சாமி போனார். ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் புதிதாகக் கண்ணாடி ஷோகேஸ் செய்திருந்தார்கள். நடுவில், கறுப்பு வெல்வெட்டின் மேல் அந்தப் பெட்டி. மேலேயிருந்து மூன்று சின்ன விளக்குகள் நேராக அதன்மேல் அடித்தன. பக்கத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக வந்து நிலாவின் மேல் விழுந்தபோது தங்கம் தகதகவென்று எரிந்தது.

கண்ணுச்சாமிக்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. விளக்குச் சூடு, ஏசிக் காற்று, வெயில். ஒன்றே போதும், இங்கே மூன்றும் இருந்தன.

"தொட்டுப் பாரு," என்று வெள்ளைத்துரை பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். கண்ணுச்சாமி மூடியை எடுத்து வைத்தார். அது இறங்கிய விதத்தில் அவர் வீட்டிலிருந்த நாற்பத்து மூன்றும் ஒன்றுமில்லாமல் போயின.

"எப்படி, சரியா வச்சிருக்கேனா? நீதான் இதுல விவரமானவன். என்ன செய்யணும் செய்யக்கூடாதுன்னு சொல்லு."

"ஒண்ணும் செய்ய வேணாம். அம்சமா வச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு ஒரு வருடம் போல அவர் நன்றாகத் தூங்கியதில்லை. வெள்ளைத்துரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெட்டியைப் போடுவார், இவர் பார்ப்பார். பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடுமே என்று கூசும், ஆனாலும் பார்ப்பார். அதே நாளிதழ்க்காரர்கள் வெள்ளைத்துரை வீட்டுக்கும் போனார்கள். அவருக்கு முழுப்பக்கம் கிடைத்தது. ஊரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரப் பையன் முத்திருளன் பக்கத்து இலையிலிருந்து கேட்டான்.

"மாமா, நம்ம வெள்ளைத்துரை வீட்டுப் பெட்டியப் பாத்தீங்களா? அதுதேன் ஒரிஜினலாம்ல."

கண்ணுச்சாமி பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

இருந்தும் மாதம் ஒரு முறையாவது கே.கே. நகருக்குப் போனார். போய்ப் பெட்டியின் ஓரங்களைப் பார்ப்பார். கறுப்பு பழுப்பேறுகிறதா, தங்கம் எங்கேயாவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று கண்ணாலேயே தடவிப் பார்ப்பார். ஒன்றும் ஆகியிருக்காது. ஏமாற்றத்தோடு காப்பி குடித்துவிட்டு வருவார். "எனக்கும் இந்தப் பெட்டிக்கும் கண்ணுவ விட்டா யாரு இருக்கா," என்று வெள்ளைத்துரை தன் வீட்டில் சொல்லுவாராம். அதைக் கேட்டபோது கண்ணுச்சாமிக்கு வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

அவர் மனைவி முத்துமீனா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். வாயால் சொல்லாததையும் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர்.

"அவரு வீட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு உங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. பிறகு எதுக்குப் போறீங்க?"

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார். டம்ளர் கதையைக் கேட்டு முத்துமீனா முதலில் சிரித்தார். "எறும்புக்குன்னா சொன்னீங்க?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அது என்ன பாவம் பண்ணுச்சு? நூறு வருசமா யார் யாரோ பத்திரமா வச்சிருந்தத, நீங்க ஒரு வார்த்தை சொல்லாம சாகவிடுறீங்களே. ஒரு போனுதான, சொல்லீருங்க."

"சொல்றேன்."

போனை எடுத்தார். 'பெட்டிக்கு வெயில் ஆகாது' என்று அடித்தார். அதுவரைக்கும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அழித்தார். அடுத்த வாரமும் அடித்தார், அழித்தார். அந்தச் சமயத்தில் வெள்ளைத்துரை இன்னும் இரண்டு பெட்டிகள் எடுத்தார். அதோடு அடிப்பதும் நின்றுபோனது.

சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். அனல் அடித்துக்கொண்டிருந்தது. காலையிலேயே வெள்ளைத்துரை போன் செய்தார்.

"கண்ணு, கொஞ்சம் வா. பெட்டிக்கு என்னமோ ஆயிருச்சு."

"இந்தா வாரேன்."

டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோரிப்பாளையம் சிக்னலில் நெரிசல். வெயிலில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து ஆட்டோவின் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. தான் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்ணுச்சாமி பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்றார் என்னிடம்.

வெள்ளைத்துரை பெட்டியை மேசையில் எடுத்து வைத்திருந்தார். மூடி ஒரு மூலையில் வளைந்து தூக்கிக்கொண்டு நின்றது. நிலாவின் குறுக்கே, மேலிருந்து கீழ் வரை, நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். வெல்வெட்டில் தங்கத் துகள் உதிர்ந்து கிடந்தது. கண்ணுச்சாமி மூடியை வைத்துப் பார்த்தார். பாதியில் சிக்கி நின்றது. அழுத்தினால் இன்னும் உடையும்.

ஒரு வருடமாக எதைப் பார்க்கக் காத்திருந்தாரோ அது எதிரே இருந்தது. வழியெல்லாம் வந்த சந்தோஷம் அந்த மூடி சிக்கிய இடத்தோடு நின்றுவிட்டது. இத்தனை துல்லியமான ஒரு வேலையை எவனோ ஒருவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறான், அதை நாம் பார்த்துக்கொண்டே கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

"ஏன் இப்படி ஆச்சு, கண்ணு? இவ்வளவுக்கும் தூசி படாம வச்சிருந்தேன்."

"காத்து காஞ்சு போச்சு. ஏசிக் காத்து ஆகாது. லைட்டும் ஆகாது. வெயில் ஆகவே ஆகாது. பக்கத்துல தண்ணி வைக்கணும்."

"தண்ணியா?"

"எங்க வீட்டு டம்ளர் எறும்புக்கு இல்ல."

உள்ளே யாரோ மிக்ஸி போட்டு நிறுத்தினார்கள்.

"தெரிஞ்சுதேன் சொல்லலையா?"

"தெரிஞ்சுதேன்."

"நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

இதற்குக் கண்ணுச்சாமியிடம் பதில் இருந்தது. முள்ளுக்குள் ஒதுங்கி நின்ற வண்டிப்பாதை இருந்தது, களம் இருந்தது. ஆனால் அதையெல்லாம் சொன்னால், பெட்டிக்குச் செய்ததற்கு நியாயம் தேடுவது போல ஆகும் என்று பட்டது. "பொறாமைதேன்," என்று மட்டும் சொன்னார். "என்கிட்ட மட்டும் இருந்துச்சு. உங்ககிட்ட அதவிட நல்லதா வந்துருச்சு."

வெள்ளைத்துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உன் போட்டோ பேப்பர்ல வந்த அன்னைக்கு நான் சாப்பிடல. எங்க களத்துல தூத்திக்கிட்டுக் கெடந்தவரு மகன், இவனுக்கு அரைப்பக்கமான்னு நெனச்சேன். அப்படி நெனச்சது தப்புதேன். ஆனா நெனச்சேன். இந்தப் பெட்டி மேல அப்ப எனக்கு ஆசை ஒண்ணும் கெடையாது. உன்கிட்ட இருக்கிறத விடப் பெருசா ஒண்ணு வேணும், அம்புட்டுதேன். வாங்குன பெறகுதேன் இது மேல ஆசை வந்துச்சு."

பிறகு மூடியின் விரிசலைத் தொட்டு, "இதச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"விரிசல் போகாது. மூடி வளைஞ்சது, ஈரக்காத்துல ஆறு மாசம் கெடந்தா கொஞ்சம் திரும்பலாம். எங்க ரூம்ல வச்சா…"

"எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டாராத. நீ கெடுத்தத நீயே தெனம் பாத்துக்கிட்டு இரு."

டிவிஎஸ்ஸில் பெட்டியைக் கொண்டுபோக முடியாது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கீழக்குயில்குடி வரைக்கும் மேடு பள்ளத்துக்கெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மறுநாள் வண்டி எடுக்கப் போனபோது வெள்ளைத்துரை வெளியே வரவில்லை. வாட்ச்மேன்தான் சாவியைக் கொடுத்தார்.

ஆசைப்பட்ட பெட்டி இப்படியாக அவர் அலமாரிக்கே வந்துசேர்ந்தது. அதற்கென்று ஒரு தட்டை ஒதுக்கி இரண்டு டம்ளர் வைத்தார். வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் அதன் முன்னால்தான் போய் நின்றார்கள். விரிசலோடும்கூட அந்த நிலாவுக்குப் பக்கத்தில் வேறு எதுவும் எடுபடவில்லை.

"இது உங்க கலெக்‌ஷன்லயே பெஸ்ட்டா, சார்?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்.

"இது என்னது இல்லம்மா."

"அப்ப யாரோடது? ஏன் வெடிச்சிருக்கு?"

முதல் முறை மழுப்பினார். முத்துமீனா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் கண்ணுச்சாமியைக் குத்தியது. அடுத்து வந்தவர்களுக்கு நடந்ததைச் சொன்னார். பொறாமையில் சொல்லாமல் விட்டேன், அதனால் வெடித்தது என்று. கேட்டவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டு வேறு தட்டைப் பார்த்தார்கள். எனக்குச் சொன்னதும் அப்படித்தான், நான் கேட்காமலே.

ஐப்பசியில் அடைமழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. வெள்ளைத்துரை குடையை மடக்கிக்கொண்டு மாடியேறினார். கண்ணுச்சாமி பெட்டியை எடுத்து மேசையில் வைத்து மூடியை விட்டார். ஒரு மூலையில் லேசாகத் தட்டியது, தயங்கியது, பிறகு இறங்கியது. முன்னே மாதிரி இல்லை. ஆனால் இறங்கியது.

வெள்ளைத்துரை தானும் ஒரு முறை வைத்துப் பார்த்தார்.

"எங்க வீட்டுல லைட்டெல்லாம் கழட்டிட்டேன். ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு. டம்ளரும் வச்சிருக்கேன். எங்க வீட்டுல கேக்குறாங்க, எறும்புக்கான்னு."

கண்ணுச்சாமிக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. வெள்ளைத்துரையும் சிரிக்கவில்லை.

"கொண்டு போறீங்களா?"

"இங்கனயே இருக்கட்டும். என் வீட்டுல ஏசிய நிறுத்த விடமாட்டாங்க, இது பழையபடி காஞ்சிரும்." பிறகு, வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க வாங்கன்னு எதுக்கு? ஒரே பெஞ்சுல உக்காந்தோம்ல."

ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. கண்ணுச்சாமியின் பெஞ்சு கடைசி, வெள்ளைத்துரையுடையது முதல். அதைக் கண்ணுச்சாமி சொன்னார். "நீ மொத பெஞ்சு. நான் கடைசி." 'நீ' என்ற சொல் வாயில் புதிதாக இருந்தது. வெள்ளைத்துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். முத்துமீனா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பொறாமை போய்விட்டதா என்று கண்ணுச்சாமியைக் கேட்டேன். போகவில்லை என்றார். போன மாசி மாதம் வெள்ளைத்துரை போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புதிதாக எடுத்தது. சிவப்பு அடுக்குப் பெட்டி, ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பூ. பார்த்ததும் வயிற்றில் அதே சூடு. உடனே பதில் அடித்தார்: 'நல்லாருக்கு. அடுக்கைப் பிரிச்சுத் தனித்தனியா வை, இல்லாட்டி ஒட்டிக்கிரும். தண்ணி ரெண்டு டம்ளர் வை.' அழிப்பதற்குள் அனுப்பிவிட்டார். வந்து பார் என்று பதில் வந்தது. வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் வேலை இருக்கிறது, வர முடியாது என்று பொய் சொன்னார். நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் போனார்.